கண்ணுட் பாவை

ஆங்கில அகராதியிற் ‘பியூப்பில்’ என்னுஞ் சொல்லைத் தேடுவோர்க்கு இரு பொருள்கள் கிடைக்கும். ஆசிரியரிடம் பயிலும் மாணாக்கன் என்பது ஒன்று. கண்ணின் நடுவே கரிய வட்டமாய் விளங்கும் மணி என்பது மற்றொன்று. முதற்பொருளை நோக்கின் இக்கல்லூரியிற் பயிலும் நாம் அனைவரும் பியூப்பில்களே. இரண்டாம் பொருளை நோக்கின் நம் ஒவ்வொருவர் முகத்திலும் பியூப்பில்கள் இரண்டு உள. மாணாக்கனுக்கும் கண்மணிக்கும் என்ன உறவு? வேறுவேறு பிறப்புடைய இரு சொற்கள் தற்செயலாய் ஓர் ஒலியில் வந்து முடிந்தனவோ? அன்றி ஒரு வேரினின்றே இரு கிளைகள் பிரிந்தனவோ? ஒரு வேரினின்று பிரிந்தனவே என்பது மொழிநூலோர் முடிபு. அவ்வேரைத் தேடிச் செல்வோமாயின், உரோமரின் நீதிமன்றம், கிரேக்கரின் மெய்யுணர்வு, நம் திருக்குறள், இக்காலக் கண்மருத்துவம் ஆகிய நான்கிடத்தும் நாம் புகுந்து வருதல் வேண்டும்.

இலத்தீன் மொழியிற் ‘பூப்பா’ என்றால் சிறுமி. அச்சொல்லே விளையாட்டுப் பதுமையையுங் குறிக்கும். ‘பூப்புஸ்’ என்றால் சிறுவன். இவ்விரண்டினின்றும் சிறுமைப்பொருள் தரும் விகுதியேற்றுப் பிறந்தவை ‘பூப்பில்லா’, ‘பூப்பில்லுஸ்’ என்பன. உரோமர் தம் சட்டத்திற் ‘பூப்பில்லுஸ்’ என்பதற்குத் தனிப்பொருள் ஒன்று வகுத்தனர். தந்தையை இழந்து, தன் பொருளைத் தானே ஆளும் வயதெய்தாத சிறுவனையே அவர் அப்பெயரால் அழைத்தனர். ஜஸ்டினியன் மன்னனுடைய சட்டத்தின்படி அவ்வயது ஆணுக்கு 14, பெண்ணுக்கு 12. அதுகாறும் அக்குழந்தையின் உடைமையைக் காத்தற்குக் காப்பாளன் ஒருவன் அமர்த்தப்படுவான். பிரெஞ்சு மொழி வழியாய் இச்சொல் ஆங்கிலம் புகுந்த 14-ஆம் நூற்றாண்டிலும், காப்பாளனுடைய பொறுப்பில் விடப்பட்ட சிறாரையே அது குறித்தது. ஸ்காட்லாந்தின் சட்டத்தில் இப்பழம் பொருள் 1991 வரையில் வழக்கிலிருந்தது. ஆசிரியரின் பொறுப்பிலுள்ள மாணாக்கன் என்னும் பொருள் 16-ஆம் நூற்றாண்டளவில் எழுந்ததேயாகும்.

மேற்சொல்லிய காப்பாளனுக்கு உரோமர் இட்ட பெயர் ‘டியூட்டர்’ என்பது. நமக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியரை இன்று அப்பெயரால் அழைக்கின்றோம். அச்சொல்லின் பகுதியாகிய இலத்தீன் வினைக்கு ‘உற்று நோக்குதல்’, ‘காத்தல்’ என இரு பொருள்கள் உண்டு. தமிழிலும் ‘பார்த்துக்கொள்’ என்றால் காத்துக்கொள் என்று பொருள்படுதல் காண்க. ஆகவே, டியூட்டர் என்பவர் நோக்குபவர். பியூப்பில் என்பவன் அந்நோக்கினுள் அடங்கிய சிறியன். இக்கருத்தை நினைவில் இருத்திக்கொண்டு கண்ணிடம் செல்வோம்.

சிறுமி என்றும் பதுமை என்றும் பொருள்படும் ‘பூப்பில்லா’, கண்மணிக்குப் பெயரானது எவ்வாறு? விடை மிக எளிது. நல்ல வெளிச்சத்தில் ஒருவர் கண்ணை மற்றொருவர் அணுகி நோக்கின், அக்கரிய வட்டத்தினுள் நோக்குவோரின் உருவம் மிகச் சிறிதாய், நேராய், முழுமையாய்த் தோன்றும். அவ்வுருவமே பாவை. தாயின் கண்ணை நோக்கும் குழந்தை அங்கே ஒரு குழந்தையைக் காணும். குழந்தையின் கண்ணை நோக்கும் தாய் அங்கே பதுமை போன்ற ஒரு பெண்ணைக் காண்பாள். கண்டதைக் கண்டவாறே சொல்லிய பெயர் இது.

இப்பெயரிடுதல் இலத்தீன் மக்களோடு தொடங்கியதன்று. அவர்க்கு முன்னரே கிரேக்கர் கண்மணியைக் ‘கோரே’ என்று வழங்கினர். கோரே என்பதற்கும் சிறுமி என்பதே பொருள். பதுமைக்கும் அப்பெயர் உண்டு. இரு கண்மணிகளும் அளவில் ஒவ்வாதிருக்கும் நிலையை மருத்துவர் ‘அனிசோகோரியா’ என்பர்; அப்பெயரின் நடுவே கிரேக்கச் சிறுமி இன்றும் இருக்கின்றாள். அவரினும் பழைய ஓமரின் காப்பியங்களில் ‘கிளேனே’ என்று மற்றொரு சொல் வருகின்றது. ஓரிடத்தில் அது கண்ணின் மணி. மற்றோரிடத்தில், வீரன் ஒருவனை இகழ்ந்து ‘பொம்மையே’ என விளிக்குஞ் சொல். தோளெலும்பிலுள்ள ஆழமற்ற குழிக்கு உடற்கூற்று நூலார் இட்ட ‘கிளினாய்டு’ என்னும் பெயர் இச்சொல்லினின்று பிறந்ததே.

இனிக் கிழக்கு நோக்குவோம். எபிரெய மொழியிற் கண்மணிக்கு ‘ஈஷோன்’ என்று பெயர். ‘ஈஷ்’ என்றால் மனிதன். ஈஷோன் என்பது சிறு மனிதன் எனப் பொருள்படும் என்று அறிஞர் பலர் கொள்வர். 17-ஆம் சங்கீதத்தின் எட்டாம் வசனத்தில் அச்சொல்லை அடுத்தே ‘கண்ணின் மகள்’ என்னுந் தொடரும் நிற்கின்றது. அரபு மொழியார் கண்மணியைக் ‘கண்ணின் மனிதன்’ என்பர். பாரசீகர் ‘மர்துமக்’ என்பர். அதற்கும் சிறு மனிதன் என்பதே பொருள். இஸ்பானியர் ‘கண்ணின் சிறுமி’ என்பர். வடமொழியிற் கண்மணியைக் குறிக்கும் ‘கனீனிகா’ என்பது, கன்னி என்னும் பொருளுடைய சொல்லோடு உறவுடையது.

இவையெல்லாம் ஒரு மொழியினின்று மற்றொரு மொழி கடன்வாங்கியவையோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. உரோமர் கிரேக்கச் சொல்லைப் பார்த்துத் தம் சொல்லை அமைத்திருத்தல் கூடும். அவர்தம் கல்வியெல்லாங் கிரேக்கரிடம் பெற்றதாகலின். ஆயினும், ஒன்றோடொன்று இனத்தொடர்பில்லாத மொழிகள் பலவற்றில் இவ்வழக்கு உளது. இத்தாலிய மொழிநூலறிஞர் கார்லோ தாலியாவீனி என்பார் கண்மணியின் பெயர்களை ஆராய்ந்து 1949-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்; ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றின் பெயர்களையும் அதில் ஆராய்ந்துள்ளார். இவ்வளவு தொலைவிலுள்ள மக்களெல்லாம் ஒருவர் வாய்ச்சொல்லை ஒருவர் கேட்டுப் பெயரிட்டனர் என்று கொள்ளுதல் அரிது. கண் எங்கும் ஒன்றே. அதனுட் காணும் உருவமும் ஒன்றே. ஆதலின் பெயரும் ஒத்தது என்று கொள்ளுதலே பொருந்தும்.

இவ்வரிசையில் நம் தமிழுக்கும் இடமுண்டு. பாவை என்னுஞ் சொல்லுக்குப் பதுமை, பெண், கண்மணி என மூன்று பொருளும் உள. இலத்தீனின் பூப்பாவையும் அதன் சிறுமைப்பெயரையும் ஒருங்கே எடுத்துக்கொண்டாற் கிடைக்கும் மூன்று பொருளும் இவையே! மரத்தாற் செய்து கயிற்றால் ஆட்டப்படும் பதுமையை ‘மரப்பாவை’ என்றும், தோலாற் செய்த பதுமைகளைக் கொண்டு ஆடுவதைத் ‘தோற்பாவைக் கூத்து’ என்றும் வழங்குகின்றோம். கொல்லிமலையிலிருந்த அழகிய பெண்ணுருவைச் சங்கப் புலவர் பாவை என்றே பாடினர். கண்மணியைப் பாவை என்றழைக்கும் வழக்குக்குத் திருக்குறளின் 1123-ஆம் பாட்டு தலைசிறந்த சான்றாகும். அங்கே காதலன் தன் கண்மணியிலுள்ள பாவையை விளித்து, தான் விரும்பும் மங்கைக்கு இருத்தற்கு வேறிடம் இல்லையாகலின் அது போய்விடல் வேண்டுமென்று கேட்கின்றான். கண்ணினுள்ளே ஓர் உருவம் குடியிருக்கின்றது என்னும் பொதுமக்கள் வழக்கை அடிப்படையாகக் கொண்டன்றோ அக்காதலன் இவ்வாறு பேசுதல் இயலும்? ஒரு பாவை வெளியேற மற்றொரு பாவை குடிபுகுதல் வேண்டும் என்பது அவன் வேண்டுகோள். சொல்லின் இருபொருளும் அவ்வொரு குறளினுள் இணைந்து நிற்கின்றன.

கண்ணின் ‘மணி’ என்பது வேறொரு நோக்கினாற் பிறந்த பெயர். உருண்டு ஒளிர்வது என்னுங் கருத்தை அது தருவது. ஆங்கிலத்திலும் இதற்கு நிகரான வழக்கொன்றுண்டு. பழைய ஆங்கிலத்தார் கண்மணியைக் ‘கண்ணின் ஆப்பிள்’ என்றனர். அஃது உருண்டையான திண்பொருள் என்பது அவர் எண்ணம். 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் ஈஷோன் என்பதற்கு ஆப்பிள் என்னும் சொல்லே நின்றது. தமிழ் வேதாகமத்தில் கண்மணி என்பது நின்றது. மொழிபெயர்த்தோர் இருசாராரும் எபிரெயரின் சிறு மனிதனைக் கைவிட்டு உருண்டைப் பொருளை எடுத்துக்கொண்டமை வியப்பே. ஆயினும், அருமையாய்க் காக்கப்படுவது என்னும் கருத்துச் சிறிதும் கெடவில்லை.

இனி, பாவை என்ற பெயர் வெறுங் கற்பனையன்று என்பதனைக் கணக்கினாலே காட்டலாம். கண்ணின் முன்புறத்தே, நிற வளையத்தையும் மணியையும் மூடித் தெளிந்த படலம் ஒன்று உளது. அதனைக் கருவிழிப் படலம் என்பர். அது கண்ணீரால் நனைந்து வழவழப்பாயிருத்தலின் சிறியதொரு குவியாடி போலத் தன்மேல் விழும் ஒளியிற் சிறுபகுதியைத் திருப்பி அனுப்பும். அதன் வளைவின் ஆரம் ஏறத்தாழ 7.8 மில்லிமீட்டர், ஆகவே, அவ்வாடியின் குவியத்தூரம் அதிற் பாதியாகிய 3.9 மில்லிமீட்டர். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு முகம் 25 சென்டிமீட்டர் தொலைவில் நின்று நோக்கின், அவ்வாடியில் தோன்றும் உருவத்தின் நீளம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டராம். 1.6 மீட்டர் உயரமுள்ள ஒருவர் 2 மீட்டர் தொலைவில் நின்றாலும் அவருடைய முழுவுருவம் அவ்வளவினதே. அஃதாவது, ஓர் எள்ளின் அளவு. கண்மணியோ நல்ல வெளிச்சத்தில் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை விட்டமுடையது. எனவே, பாவை தன் வீட்டிற்கு அளவெடுத்தாற்போல் அமைகின்றது.

அது கண்மணியில் மட்டும் தெளிவாய்த் தெரிவதேன்? கண்மணி என்பது உண்மையில் ஒரு பொருளன்று. நிற வளையத்தின் நடுவேயுள்ள துளையே அது. அதன்வழி உட்புகும் ஒளியிற் பெரும்பகுதி உள்ளே உட்கொள்ளப்படும். மீளுஞ் சிறுபகுதியோ வந்த வழியே திரும்புமாகலின், நோக்குவோர் கண்ணை அடைவதில்லை. ஆதலின் அத்துளை கருமையாய்த் தோன்றும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் வெளியிட்ட கருவியொன்றாலேயே, உயிருள்ளவர் கண்ணின் உட்புறத்தை அத்துளை வழியே மருத்துவர் தெளிவாய்க் காணும் வழி பிறந்தது. கரிய திரையின்முன் நிறுத்திய ஓவியம் பொலிவுறுதல் போல, அக்கருமையின்முன் பாவை பொலிகின்றது. நிற வளையத்தின்மேலும் அவ்வுருவம் படியுமாயினும், பின்னிருக்கும் நிறத்தால் மங்கித் தோன்றும்.

இத்துணைச் சரியாய்க் கண்ட முன்னோர், அதன் காரணத்தையும் சரியாய் அறிந்தனரோ எனின், அங்கே கருத்து வேறுபாடு எழுந்தது. கிரேக்க அறிஞர் தெமோக்கிரித்தஸ், கண்மணியில் தோன்றும் இவ்வுருவமே காட்சி என்று கருதினார். பாவை உள்ளே இருப்பதனாலேயே கண் காண்கின்றது என்பது அவர் கொள்கை. அரிஸ்டாட்டில் இதனை மறுத்தார். கண் வழவழப்பாயிருத்தலின் அவ்வுருவம் தோன்றுகின்றது. அஃது எதிர்நின்று நோக்குபவர்க்கே புலனாவது. வழவழப்பான பிற பொருள்களிலும் உருவம் தோன்றுகின்றதே, அவை காண்பதில்லையே என்பது அவர் தடை. இத்தடை வலிமையுடையது. கண்ணாடிக்கு உருவம் உண்டு, காட்சி இல்லை அன்றோ? காட்சிக்குரிய உருவம் எங்கே தோன்றுகின்றது என்பது, 1604-இல் கெப்ளர் வெளியிட்ட நூலாலேயே தெளிவாயிற்று. அது கண்ணின் பின்புறத்தேயுள்ள விழித்திரையில், தலைகீழாய்த் தோன்றுவது. எதிர்நின்று நோக்குவோர்க்குத் தெரியாதது. நாம் காணும் பாவையோ வாயிற்படியில் நிற்பது, வீட்டினுள் நுழையாதது. 1823-இல் புர்க்கின்யே என்னும் அறிஞர், கண்ணின் வெவ்வேறு பரப்புகளிலிருந்து மீளும் உருவங்களை வகுத்துரைத்தார். அவற்றுள் முதலாவதும் மிக்க ஒளியுடையதுமே நம் பாவை.

காட்சிக்குக் காரணமாகாத பாவையாற் பயனில்லையோ எனின், உண்டு. கருவிழிப் படலத்தின் வளைவை அளக்க விரும்பும் கண்மருத்துவர், அளவறிந்த ஒளியுருவம் ஒன்றைக் கண்முன் வைத்து, படலத்தில் தோன்றும் சிற்றுருவின் அளவைக் கருவியாற் கணிப்பர். அவ்வளவினின்று வளைவு பெறப்படும். கண்புரை நீக்கியபின் உள்ளே வைத்தற்குரிய வில்லையின் ஆற்றலைத் தீர்மானித்தற்கு அக்கணக்கு வேண்டற்பாலது. குழந்தைக்கு மாறுகண் உளதோ என்று ஐயுறுங்கால், சிறு விளக்கொன்றை அதன் கண்முன் காட்டி, இரு கண்ணிலும் ஒளிப்புள்ளி ஒத்த இடத்தில் விழுகின்றதா என்று பார்ப்பர். நம் முன்னோர் கண்டு மகிழ்ந்த அப்பாவையே, இன்று அளவுகோலாகித் தொண்டு புரிகின்றது.

இதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த பிளினி என்னும் உரோமர், தாம் தொகுத்த பெருநூலில் ஒரு நம்பிக்கையைக் குறித்துள்ளார். நோயாளியின் கண்மணியில் உருவம் தோன்றும்வரை அவருடைய சாவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை என்பதே அது. நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து, தம் முகத்தை அக்கண்ணினுள் தேடிய எத்துணைப் பேருடைய அச்சம் இந்நம்பிக்கையினுள் அடங்கியிருத்தல் கூடும்! இறந்தபின் கருவிழிப் படலம் உலர்ந்து மங்கும், உருவமும் மறையும். ஆதலின் அந்நம்பிக்கை முற்றும் ஆதாரமற்றதன்று. ஆயினும், அதனை உறுதியான அடையாளமாகக் கொள்ளுதல் ஆகாது. இக்கால மருத்துவர் பாவையைத் தேடுவதில்லை. அது குடியிருக்கும் வாயிலையே சோதிப்பர். ஒளியைக் காட்டுங்கால் கண்மணி சுருங்குமாயின், கண்ணரம்பும் நடுமூளையும் அங்கிருந்து மீளும் நரம்பும் தம் தொழிலைச் செய்கின்றன என்று அறிவர். தலையில் அடிபட்டவனுக்கு ஒரு கண்மணி மட்டும் விரிந்து, ஒளிக்குச் சுருங்காது நிற்குமாயின், மூளை நெருக்குண்டு நரம்பை அழுத்துகின்றதோ என்று அஞ்சி விரைந்து செயற்படுவர். மூளை இறந்தமையை முடிவுசெய்யும் சோதனைகளுள்ளும் இஃது ஒன்று. பிளினி கேள்வியுற்ற நம்பிக்கையின் விளக்கம் மாறிற்று; உயிரை அறிதற்குக் கண்மணியை நோக்கும் வழக்கமோ மாறவில்லை.

இனித் தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு மீள்வோம். மாணாக்கனுக்கும் கண்மணிக்கும் என்ன உறவு? பிளேட்டோவின் பெயரால் வழங்கும் ‘அல்கிபியாதெஸ்’ என்னும் உரையாடல் நூலில், சாக்ரதர் இளைஞனொருவனுக்கு இந்தப் பாவையையே உவமையாகக் காட்டுகின்றார். கண் தன்னைத் தானே காணமாட்டாது. தன்னைக் காண விரும்பின் மற்றொரு கண்ணினுள், அதிலும் காணுந்திறன் உறையும் கண்மணியினுள், நோக்குதல் வேண்டும். அவ்வாறே, தன்னை அறிய விரும்பும் ஆன்மா மற்றோர் ஆன்மாவினுள், அதன் அறிவு உறையும் பகுதியை, நோக்குதல் வேண்டும் என்பது அவர் கருத்து. நூலைப் படைத்தவர் பிளேட்டோதாமோ என்பது பற்றி அறிஞரிடை வழக்குண்டு. உவமையின் சிறப்புப் பற்றி வழக்கில்லை.

கண்மணிக்கும் மாணாக்கனுக்கும் பொதுவாய் நிற்பது ‘சிறியது’ என்னுங் கருத்து. உரோமரின் சட்டத்திற் பூப்பில்லுஸ் என்பவன் காப்பாளனின் நோக்கில் அடங்கிய சிறியன். கண்ணிற் பூப்பில்லா என்பது மற்றொருவர் நோக்குங்காற் பிறக்கும் சிற்றுருவம். நோக்குபவர் விலகின் பாவை இல்லை. காப்பவர் விலகின் சிறுவனுடைய உடைமைக்குக் காப்பில்லை. ஆயினும், சாக்ரதர் உவமையால் ஓர் உண்மை மேலும் விளங்குகின்றது. பாவை நோக்கப்படும் கண்ணிலே தோன்றினும், அது நோக்குபவருடைய உருவமேயன்றோ? தம் மாணாக்கரைக் கூர்ந்து நோக்கும் ஆசிரியர் அங்கே தம்மையே சிறு வடிவிற் காண்பர். தாம் சொல்லியவை எவ்வாறு பதிந்தன, எவை பிறழ்ந்தன என்பதனை அங்கேதான் அறிவர். அதுபோல மாணாக்கனும், தன்னை இன்னானென அறிதற்கு, தன்னை அன்போடு நோக்கும் ஒருவரை நிமிர்ந்து நோக்குதல் வேண்டும். அருகில் வாராதார்க்குப் பாவை புலப்படாது. முகத்தைத் திருப்பிக்கொள்வார்க்கும் புலப்படாது.

ஆதலின், பதிவேட்டில் நம் பெயர்களின் தலைப்பில் ‘பியூப்பில்’ என்று எழுதப்படுமாயின், அதனை வெறும் அலுவற்சொல் என்று தள்ளுதல் வேண்டா. ஒருவருடைய காவலில் வைக்கப்பட்ட சிறியோர் நாம் என்பதும், அவர் உருவத்தைத் தாங்குதற்குரிய கண்மணிகள் நாம் என்பதும் அவ்வொரு சொல்லிலே அடங்கியுள்ளன.